பிள்ளைக்குத் தைராய்டுப் புற்றுநோய்: எந்த மரபணுச் சோதனை, எப்போது?

கழுத்துக் கட்டி, ஸ்கேன், ஊசிப் பரிசோதனை எல்லாம் முடிந்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தைராய்டுப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தபின் "ஜீன் டெஸ்ட் செய்யலாமா?" என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைகிறது. மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருக்கும் குடும்பத்திடம் தனியார் ஆய்வகம் நீண்ட பட்டியலைக் காட்டும். அரசு மருத்துவமனை வழியாகப் போகிறவர்களுக்கு "தேவைப்பட்டால் பார்ப்போம்" என்ற பதில் கிடைக்கும். இரண்டில் எது சரி என்பதைப் புற்றுநோயின் வகையும் பிள்ளையின் வயதும்தான் சொல்லும்.

தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு. சோதனையே இல்லாமல் அறுவைக்குப் போவது ஒன்று. பிராஃப் என்ற ஒரே மரபணுவை மட்டும் பார்ப்பது இன்னொன்று. நோய்க்கூறு ஆய்வகத்தில் திசுவுக்கு நிறமேற்றிச் சில புரதங்களைத் தேடலாம். பல மரபணுக்களை ஒரே தடவையில், அவற்றின் நகலான ஆர்.என்.ஏ.வையும் சேர்த்துப் படிக்கும் பெரிய பேனலுக்குப் போகலாம். இவற்றுக்கெல்லாம் தனியாக, ரத்தத்தில் பரம்பரை மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கலாம். விலை ஏற ஏறத் தரமும் ஏறும் என்று இவற்றை வரிசைப்படுத்த முடியாது. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கான விடை. எனவே "விடை வந்தால் சிகிச்சையில் எது மாறும்?" என்று முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். மாறப்போவது ஒன்றுமில்லை என்றால் அந்தச் சோதனையைத் தள்ளிவைக்கலாம்.

இக்கட்டுரையின் கணிப்பு இது. மெடுல்லரி, அதாவது பிள்ளைகளிடம் பெரும்பாலும் பிறவி மரபணு மாற்றத்தால் வரும் அரிய வகை என்றால் ரத்தச் சோதனை கட்டாயம், அதுவும் உடனே. பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படும் பாப்பிலரி வகை, கழுத்தோடு நிற்கிறது என்றால் அறுவைக்கு முன் பெரிய பேனல் அநேகமாக வேண்டாம். பணத்தையும் அலைச்சலையும் நல்ல அறுவை மருத்துவரைத் தேடுவதில் செலவிடலாம். நுரையீரலுக்குப் பரவி, கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கும் அடங்காவிட்டால் ஆர்.என்.ஏ. பேனல் அவசியம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிராஃப் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துவது பல நேரம் காசுக்குக் கேடு.

சிறுவரின் கட்டி ஏன் வேறு

பெரியவர்களின் பாப்பிலரி புற்றுநோயைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி, 496 கட்டிகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத் தொகுப்பிலிருந்து வந்தது. அதில் ஏறக்குறைய 60 சதவீதத்தில் பிராஃப் மாற்றம் இருந்தது. ராஸ் குடும்ப மரபணுக்களின் மாற்றம் 13 சதவீத அளவில். மரபணு இணைவுகள், அதாவது இரண்டு மரபணுக்கள் உடைந்து தவறாக ஒட்டிக்கொண்டவை, 15 சதவீத அளவில்.

பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ரெட் மரபணு இணைவும் என்.டி.ஆர்.கே. மரபணு இணைவும் முன்னுக்கு வருகின்றன. பிராஃப் பின்னுக்குப் போகிறது. வயது குறையக் குறைய இது கூர்மையாகத் தெரியும். பத்து வயதுக்குக் கீழே இணைவுகளே மிகுதி. பதினாறு, பதினேழு வயதில் பிராஃப் ஏறத் தொடங்கி, இருபதுகளில் பெரியவர்களின் கணக்கை நெருங்கிவிடும். ஆகவே "சிறுவர், இளையோர்" என்று ஒரே கூடையில் போட்டுப் பேசும் கட்டுரைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையும் இருபத்தாறு வயது இளைஞரும் மரபணு நோக்கில் வெவ்வேறு நோயாளிகள்.

கதிர்வீச்சுக்கும் இதில் பங்குண்டு. 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் உக்ரைனில் தைராய்டுப் புற்றுநோய் வந்த 440 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான முடிவு தெளிவானது: சிறுவயதில் தைராய்டுக்குள் போன கதிரியக்க அயோடினின் அளவு கூடக் கூட, டி.என்.ஏ.யின் இரு இழைகளும் அறுந்து உண்டாகும் இணைவுகளும் கூடின. ஃபுகுஷிமாவில் நடந்த பெருந்திரள் ஸ்கேனில் கண்டுபிடிக்கப்பட்ட இளையோரின் 68 கட்டிகளில் 43-இல் இருந்தது பிராஃப். செர்னோபில் முத்திரை அங்கே இல்லை. ரத்தப் புற்றுநோய்க்காகவோ வேறு நோய்க்காகவோ சிறுவயதில் கழுத்துக்குக் கதிர் சிகிச்சை பெற்ற பிள்ளை என்றால் இந்தச் செய்தி நேரடியாகப் பொருந்தும். இணைவு இருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

நோயின் போக்கையும் இணைவு மாற்றுகிறது. ரெட், என்.டி.ஆர்.கே. இணைவுள்ள சிறுவர் கட்டிகள் பொதுவாகக் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்கும் நுரையீரலுக்கும் அதிகம் பரவுகின்றன; முழுமையாக அடங்க நாளாகிறது. ராஸ், டைசர்-1, பிடென் மாற்றமுள்ளவை பெரும்பாலும் உறைக்குள் அடங்கி மெதுவாகப் போகும். பெரியவர்களிடம் மோசமான போக்கைக் காட்டும் டெர்ட் மாற்றம் பிள்ளைகளிடம் அரிது. அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் படித்துப் பயப்பட வேண்டாம். நுரையீரலுக்குப் பரவிய பாப்பிலரி நோயிலும் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். இன்று வழக்கிலிருக்கும் நிலைப் பகுப்பில் 55 வயதுக்குக் கீழ் இருப்பவருக்குத் தூரத்துக்குப் பரவினாலும் அது இரண்டாம் நிலைதான். மூன்று, நான்கு என்ற நிலைகளே அவர்களுக்கு இல்லை.

பிராஃப் மட்டும் பார்ப்பது

மலிவு, விரைவு, எல்லாப் பெரிய ஆய்வகங்களிலும் கிடைக்கும். வி600ஈ என்ற ஒற்றைப் புள்ளி மாற்றத்தைப் பி.சி.ஆர். முறையிலோ வி.ஈ.1 என்ற எதிர்ப்பொருளால் நிறமேற்றியோ காணலாம். இருந்தால் அது புற்றுநோய் என்பது ஏறக்குறைய உறுதி. ஊசி ரிப்போர்ட் இழுபறியாக இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது உதவும்: பாதிச் சுரப்பியை எடுப்பதா, முழுவதையும் எடுப்பதா என்ற முடிவு ஒரே அறுவையில் தீர்ந்துவிடும்.

"இல்லை" என்று வந்தால்தான் சிக்கல். சின்னப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் வரும். பிராஃப் இல்லை என்பதைப் "புற்றுநோய் இல்லை" என்றோ "ஆபத்தில்லை" என்றோ வீட்டார் எடுத்துக்கொள்வதுண்டு. உண்மையில் ஆக்ரோஷமாகப் பரவும் இணைவு வகைகள் பொதுவாக இந்த வி600ஈ மாற்றம் இல்லாதவை. பத்து வயதுக்குக் கீழ் என்றால் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யவே வேண்டாம். பதினைந்துக்கு மேல் என்றால் முதல் படியாக வைத்துக்கொள்ளலாம். இல்லை என்றால் அடுத்த படி என்ன என்பதை முன்கூட்டியே மருத்துவரோடு பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

நிறமேற்றும் சோதனை

அறுத்தெடுத்த கட்டி மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்காக ஆய்வகத்தில் இருக்கிறது. அதிலிருந்து மெல்லிய சீவலை எடுத்து என்.டி.ஆர்.கே. மரபணுக்கள் உண்டாக்கும் டி.ஆர்.கே. புரதத்துக்கு நிறமேற்றினால் என்.டி.ஆர்.கே. இணைவு இருக்கலாம் என்பதற்கான அறிகுறி கிடைக்கும். செலவு குறைவு. ஆனால் தைராய்டில் அதிகம் காணப்படும் என்.டி.ஆர்.கே.3 இணைவில் நிறம் மங்கலாகவோ செல் கருவில் மட்டுமோ விழும், சிலவற்றில் விழாமலே போகும். எதிர்மறை முடிவை நம்பி அங்கேயே நின்றுவிடக் கூடாது. ரெட்டுக்கு நம்பத்தக்க நிறமேற்று முறை இல்லை. ஃபிஷ் என்ற ஒளிர்முறையில் ரெட் உடைந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரு முறைக்கு ஒரு மரபணு, எதனோடு ஒட்டியது என்பதும் தெரியாது. பேனலுக்கு வழியே இல்லாத இடத்தில் பிராஃப் நிறம், டி.ஆர்.கே. நிறம், ரெட் ஃபிஷ் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்வது ஒரு நல்ல சிக்கன வழி. பேனல் கிடைக்கும் இடத்தில் இப்படி மூன்று முறை சீவிப் பிளாக்கைத் தீர்ப்பது சரியல்ல.

பேனல்: ஊசி மாதிரியிலா, அறுத்த கட்டியிலா?

பெரியவர்களிடம் ஊசி ரிப்போர்ட் மூன்றாம், நான்காம் பெதஸ்டா வகையில், அதாவது புற்றா இல்லையா என்று இழுபறியாக, வந்தால் மரபணுப் பேனலின் நோக்கம் அறுவையைத் தவிர்ப்பது. கட்டியில் ஒன்றும் இல்லை என்றால் காத்திருக்கலாம். அந்தப் பேனல்களைச் சரிபார்த்தது பெரியவர்களிடம்தான். பிள்ளைகளிடம் அதே தர்க்கம் நிற்காது, ஏனெனில் தொடக்க ஆபத்தே வேறு: பெரியவர்களின் தைராய்டு முடிச்சுகளில் 5 முதல் 10 சதவீதம் புற்றுநோய் என்றால், பிள்ளைகளில் 22 முதல் 26 சதவீதம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 சிறுவர் வழிகாட்டி சொல்கிறது. எனவே இழுபறி ரிப்போர்ட் வந்த பிள்ளைக்கு ஊசியைத் திரும்பப் போடுவதைவிட அந்தப் பக்கச் சுரப்பியை எடுத்துப் பார்ப்பதே மேல் என்பது அதே வழிகாட்டியின் நிலை. பேனல் சுத்தமாக வந்தது என்பதற்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அறுவையைக் கைவிடச் சொன்னால் இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டும்.

பேனல் நேர்மறையாக வந்தால் கதை வேறு. பிராஃப் மாற்றமோ ரெட், என்.டி.ஆர்.கே. இணைவோ தெரிந்தால் முழுச் சுரப்பியையும் ஒரே தடவையில் எடுத்துவிடலாம். சிறுவர் பாப்பிலரி நோயில் கட்டி இருபக்கமும் இருப்பது 30 சதவீத அளவில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருப்பது 65 சதவீத அளவில் என்பதால் இதில் பொருள் இருக்கிறது. ராஸ், டைசர்-1, பிடென் என்று வந்தால் அவை அடினோமா என்ற புற்றல்லாத கட்டியிலும் காணப்படுபவை. பாதிச் சுரப்பி போதும். மொத்தத்தில் ஊசிப் பேனலின் லாபம், இழுபறி ரிப்போர்ட் வந்த சிலருக்கு இரண்டாவது அறுவை மிச்சமாவது. ஊசியிலேயே பாப்பிலரி என்று உறுதியாகிவிட்டால் அந்த லாபமும் இல்லை.

அறுவைக்குப் பிறகு கட்டியில் பேனல் செய்வதை எல்லாருக்கும் பரிந்துரைக்கும் மையங்கள் உண்டு. அறிவுக்கு நல்லது. ஆனால் கணுக்கள் ஓரிரண்டோடு நின்று, ரத்தத்தில் நோயின் சுவடைக் காட்டும் தைரோகுளோபுலின் அளவு இறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த ரிப்போர்ட் சிகிச்சையில் எதையும் மாற்றாது. பிளாக் எங்கும் போகாது. ஆண்டுகள் கழித்தும் சோதிக்கலாம். நுரையீரலில் நோய், அறுக்க முடியாத கழுத்து நோய், மூச்சுக் குழாயை ஒட்டிய கட்டி இவற்றில் காத்திருக்கக் கூடாது.

முடிவெடுக்கும்போது டி.என்.ஏ. பேனலா, ஆர்.என்.ஏ. பேனலா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணைவுகள் உடையும் இடம் பெரும்பாலும் மரபணுவின் இடைப்பகுதிகளான இன்ட்ரான்களில் இருக்கும்; டி.என்.ஏ. மட்டும் படிக்கும் பல பேனல்கள் அந்த நீண்ட பகுதிகளை முழுதாகப் படிப்பதில்லை. "ஐம்பது ஜீன்", "ஐந்நூறு ஜீன்" என்ற எண்ணிக்கை இங்கே ஏமாற்று. ரெட், என்.டி.ஆர்.கே.1, என்.டி.ஆர்.கே.3, அல்க், பிராஃப் இணைவுகளை ஆர்.என்.ஏ. வழியாகப் பிடிக்கும் சிறு பேனல், பிள்ளைக்கு அந்த ஐந்நூறைவிடப் பயன்படும்.

மாதிரி கெடும் இடங்கள்

பேனல் தோற்பது பல நேரம் ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும். அறுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர் ஃபார்மலினுக்குள் போக வேண்டும். ஃபார்மலின் திசுவைவிடப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். ஊறும் நேரம் 6 மணிக்குக் குறையாமல் 72 மணிக்கு மிகாமல். வெள்ளி மாலை அறுவை, திங்கள் விடுமுறை என்றால் இந்தக் கணக்கு இடிக்கும். பெரிய சுரப்பியை வெட்டாமல் அப்படியே போட்டால் ஃபார்மலின் உள்ளே ஏறுவதற்குள் நடுப்பகுதி அழுகத் தொடங்கும்.

பாப்பிலரி கட்டியில் சுண்ணாம்பு படிவது சகஜம். சீவ முடியாமல் அமிலத்தில் ஊறவைத்தால் மரபணுப் பொருள் அழிந்துபோகும். இ.டி.டி.ஏ. கரைசலில் மெதுவாக இளக்கலாம், அல்லது கடினமில்லாத பகுதியை மரபணுச் சோதனைக்கென்று முன்பே ஒதுக்கலாம். அறுவைக்கு முன் நோய்க்கூறு மருத்துவருக்கு ஒரு வரி எழுதி அனுப்பச் சொன்னால் போதும்.

பிள்ளைகளிடம் வரும் பரவலான இறுக வகையில், அதாவது கட்டி தனி முடிச்சாக இல்லாமல் சுரப்பி முழுதும் பனி தூவியதுபோல் ஸ்கேனில் தெரியும் வகையில், வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். ஹஷிமோட்டோ அழற்சி என்று தவறாக எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுப்பதும் இதில்தான். ரெட் இணைவு அதிகம் காணப்படும் வகையும் இதுவே. வெள்ளணுக்கள் நடுவில் புற்றுச் செல்களின் பங்கு 20 சதவீதத்துக்குக் கீழே போனால் பேனல் பொய்யாக "இல்லை" என்று சொல்லக்கூடும். புற்றுச் செல்கள் செறிந்த பகுதியை மட்டும் கண்ணாடியிலிருந்து சுரண்டி எடுத்துச் சோதிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் கட்டிச் செல் விழுக்காடு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் "இல்லை" என்ற சொல்லுக்கு மதிப்பு குறைவு.

ஊசி மாதிரி என்றால் ஒன்றிரண்டு குத்தல்களைத் தனியாகப் பாதுகாப்புத் திரவத்தில் விடச் சொல்லுங்கள். கண்ணாடியில் தடவியதைச் சுரண்டியும் செய்யலாம். ஆனால் கண்ணாடி அத்தோடு போய்விடும். முன்பே டிஜிட்டல் படம் எடுத்து வைத்தால்தான் பின்னால் இரண்டாவது கருத்துக் கேட்க முடியும்.

ரத்தச் சோதனை: இதைத் தள்ளிப்போடக் கூடாது

மேலே சொன்னவை பெரும்பாலும் கட்டிக்குள் மட்டும் நடந்த மாற்றங்கள். அப்படிப்பட்டவை தம்பி தங்கைக்குப் போகாது. பிறக்கும்போதே எல்லாச் செல்களிலும் இருக்கும் மாற்றம் வேறு வகை. அதை ரத்தத்திலோ எச்சிலிலோதான் பார்க்க வேண்டும்.

மெடுல்லரி வகை சிறுவர் தைராய்டுப் புற்றுநோயில் சிறுபான்மை. ஆனால் பிள்ளைக்கு அது வந்தால் ஏறக்குறைய எப்போதும் பிறவியிலேயே இருக்கும் ரெட் மாற்றம்தான் காரணம். இந்த நிலைக்கு மென்-2 என்று பெயர். இந்தக் கட்டி அயோடினை உறிஞ்சாது, எனவே கதிரியக்க அயோடின் பயன்படாது. அறுவையின் நேரமும் தரமுமே விதியைத் தீர்மானிக்கின்றன. எப்போது அறுப்பது என்பதை மாற்றத்தின் இடம் சொல்லும். எம்918டி என்றால் பிறந்த முதல் ஆண்டுக்குள். 634-ஆம் கோடான் என்றால் ஐந்து வயதில் அல்லது அதற்கு முன், இந்தக் கட்டி சுரக்கும் கால்சிடோனின் என்ற ஹார்மோனின் அளவைப் பார்த்து. மற்றவற்றில் ஐந்து வயதையொட்டித் தொடங்கும் ஸ்கேன், கால்சிடோனின் கண்காணிப்பின்படி. மூன்று வயதுக்குக் கீழே கால்சிடோனின் இயல்பிலேயே கூடுதலாக இருக்கும் என்பதால் பெரியவர்களின் அளவுகோலைக் கொண்டு அலற வேண்டாம்.

எம்918டி பெரும்பாலும் தாய் தந்தையிடமிருந்து வருவதில்லை, பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவது. குடும்ப வரலாறு ஒன்றும் காட்டாது. அழும்போது கண்ணீர் வராத குழந்தை, தீராத மலச்சிக்கல், நாக்கிலும் உதட்டிலும் சிறு சிறு மொட்டுகள், நீண்டு ஒல்லியான உடல்வாகு. இவை சேர்ந்து இருந்தால் கழுத்துக் கட்டி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

அறுவைக்கு முன் இன்னொரு கண்டிப்பு உண்டு. மென்-2 உள்ளவர்களுக்கு அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வரலாம். அது தெரியாமல் மயக்கம் கொடுத்தால் ரத்த அழுத்தம் எகிறி உயிருக்கே ஆபத்து. ரத்தத்தில் அல்லது 24 மணிநேரச் சிறுநீரில் இந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டநெஃப்ரின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் கழுத்தில் கத்தி வைக்க வேண்டும். ஆபத்து அதிகமுள்ள மாற்றங்களில் 11 வயதிலிருந்தும், மற்றவற்றில் 16 வயதிலிருந்தும் ஆண்டுதோறும் இதைத் தேடுவது வழக்கம்.

குடும்பக் கதையைக் கேட்கும்போது "யாருக்காவது கேன்சர் உண்டா?" என்று மட்டும் கேட்டால் பாதி விடுபடும். கழுத்தில் ஆபரேஷன் தழும்பு உள்ள பெரியம்மா, சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்த தாத்தா, பிரசவத்திலோ ஆபரேஷன் மேசையிலோ பிரஷர் ஏறித் திடீரென்று இறந்த அத்தை என்று கேட்க வேண்டும். 1860-இலிருந்து இந்தியாவிலிருந்து நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்களின் கிளைகள் ஸ்டேங்கர் முதல் போர்ட் ஷெப்ஸ்டோன் வரை பரவிக் கிடக்கின்றன. சாட்ஸ்வர்த்தில் ஒரு பிள்ளையிடம் ரெட் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் டொங்காட்டில் இருக்கும் சித்தப்பா மகனுக்கும் அது சேதிதான்.

"சொந்தத்தில் கட்டியதால் வந்ததா?" என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். இல்லை. ரெட், டைசர்-1, பிடென், ஏ.பி.சி. எல்லாமே ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும் என்ற வகை. மாமன் மகளைக் கட்டினாலும் அசலில் கட்டினாலும் மாற்றமுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு 50 சதவீதம். மருமகள் வீட்டார் மேல் பழி போடுவதற்கு இதில் இடமில்லை.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லலாம். பல முடிச்சுகள் உள்ள சுரப்பி இளவயதிலேயே வந்தால், குடும்பத்தில் குழந்தை நுரையீரல் கட்டியோ இளம்பெண்ணின் சூலகக் கட்டியோ இருந்தால் டைசர்-1. அதில் கைக்குழந்தையான தம்பி தங்கைக்கு நுரையீரல் கண்காணிப்புத்தான் முதல் அவசரம், தைராய்டு ஸ்கேன் எட்டு வயதுக்குள். தலைச் சுற்றளவு மிகப் பெரிதாக இருந்தால் பிடென். ஏழு வயதிலிருந்து ஆண்டுக்கொரு ஸ்கேன். இளம்பெண்ணுக்குக் கிரிப்ரிஃபார்ம்-மொருலர் என்ற அரிய வகை என்று ரிப்போர்ட் வந்தால் ஏ.பி.சி. பார்க்க வேண்டும், குடலையும் பார்க்க வேண்டும். பாப்பிலரி வந்த எல்லாப் பிள்ளைக்கும் இந்த ரத்தச் சோதனை தேவையில்லை.

மருந்து இருக்கிறது என்பதற்காக

கதிரியக்க அயோடின் கொடுத்த பின் நுரையீரல் நோய் உடனே மறையாது. தைரோகுளோபுலின் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே வரும். ஒரு டோஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓராண்டாவது விடுவது நல்லது. இந்த இடைவெளியில் பதறி, மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் இலக்கு மருந்துக்குத் தாவக் கூடாது. நோய் வளர்கிறது, அயோடின் ஏறவில்லை என்று உறுதியானால்தான் பேனல் முடிவுக்கு வேலை வருகிறது.

என்.டி.ஆர்.கே. இணைவுக்கு லாரோட்ரெக்டினிப், 2018-இலேயே அமெரிக்காவில் குழந்தைகளுக்கும் சேர்த்து அனுமதி பெற்றது. விழுங்க முடியாத பிள்ளைக்குத் திரவமாகவும் கிடைக்கும். ரெட்டுக்கு செல்பெர்காடினிப், 2020-இல் 12 வயதுக்கு மேல் என்று தொடங்கி 2024-இல் 2 வயது வரை இறங்கியது. பிராஃப் வி600ஈக்கு டாப்ராஃபெனிப், ட்ராமெட்டினிப் இரண்டும் சேர்த்து, 2022-இல் 6 வயதுக்கு மேல் என்று அனுமதி பெற்றன. இவற்றில் சில, அயோடினை ஏற்க மறந்த கட்டியை மறுபடி ஏற்கவைத்ததையும் பிள்ளைகளிடம் கண்டிருக்கிறார்கள். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பலாம்; தொடர்ந்தால் புது மாற்றம் தோன்றி மருந்துக்கு அடங்காமல் போகலாம். செல்பெர்காடினிப்பில் வளரும் பிள்ளையின் எலும்பு வளர்முனைகளைக் கண்காணிக்க வேண்டும்.

மேலே சொன்னவை அமெரிக்க அனுமதிகள். தென்னாப்பிரிக்காவில் பதிவாகாத மருந்து என்றால் 1965-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவில், குறிப்பிட்ட நோயாளியின் பெயரில், மருத்துவர் சாப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அனுமதி கேட்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு மரபணு ரிப்போர்ட்டே முதுகெலும்பு.

பணமும் படிவமும்

மெடிக்கல் எய்டில் பி.எம்.பி. என்ற கட்டாயப் பலன்களில் "சிகிச்சைக்குரிய" திடக் கட்டிகள் அடங்கும். தூரத்துக்குப் பரவியிருந்தால் அது தகுதி இழக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வரையறையிலேயே இன்னொரு வாசல் உண்டு: சிகிச்சையால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 10 சதவீதத்துக்கு மேல் என்று நிறுவப்பட்டிருந்தால் போதும். நுரையீரலுக்குப் பரவிய சிறுவர் பாப்பிலரி நோய் அதை எளிதில் தாண்டும். மறுத்தால் இந்த வாசகத்தைச் சுட்டி மருத்துவரின் கடிதத்தோடு மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மெடிக்கல் எய்டுகளைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சில் இருக்கிறது. படிவத்தில் நோய்க் குறியீடு சி73 என்று இருக்க வேண்டும். நோய் உறுதியான பிறகும் முடிச்சுக்கான ஈ04.1 என்றே தொடர்ந்து எழுதி அனுப்பினால் கணினியே தள்ளிவிடும். நோயில்லாத தம்பியின் ரத்தச் சோதனைக்குச் சி73 பொருந்தாது. ஆனால் அக்காளிடம் கண்ட அந்த ஒரே மாற்றத்தை மட்டும் தேடச் சொன்னால் முழு மரபணுவைப் படிப்பதைவிடச் செலவு மிகக் குறைவு. அக்காளின் ரிப்போர்ட் நகலை இணைக்க வேண்டும்.

அரசு வழியில் ஆர்.கே.கான் போன்ற மருத்துவமனையிலிருந்து பரிந்துரையோடு டர்பனின் இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மத்திய மருத்துவமனைக்குப் போவது வழக்கமான பாதை. நேராக வாசலில் போய் நிற்க முடியாது. மரபியல் ஆலோசகர் என்பது இந்நாட்டில் பதிவு பெற்ற தொழில். ரத்தச் சோதனைக்கு முன் ஒருமுறையாவது அவரோடு உட்காருவது நல்லது. ஆயுள் காப்பீட்டு விண்ணப்பக் கேள்விகள் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். 12 வயது நிரம்பி விவரம் தெரிந்த பிள்ளை மருத்துவத்துக்குத் தானே சம்மதம் தரலாம் என்று 2005-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் சொல்கிறது. அறுவைக்குப் பெற்றோரின் துணையும் வேண்டும். எனவே பிள்ளையை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் மட்டும் பேசி முடிப்பது சரிவராது.

சென்னைக்கோ வேலூருக்கோ பிளாக்கை அனுப்பலாம் என்று உறவினர் சொல்வார்கள். செலவு குறையலாம். ஆனால் மனிதத் திசு நாட்டைவிட்டு வெளியே போகச் சுகாதாரத் துறையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும். பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவது வழியல்ல. ஆய்வகமே அனுமதி வாங்கி அனுப்பட்டும். முழுப் பிளாக்கையும் கொடுக்காமல் நிறமேற்றாத சீவல்களை அனுப்புவது பாதுகாப்பு. பிளாக் தொலைந்தால் திரும்ப வராது.

இவ்வளவு செலவுக்கும் முன்னால் வருவது அறுவை மருத்துவர். ஆண்டுக்கு முப்பது அல்லது அதற்கு மேற்பட்ட கழுத்துச் சுரப்பி அறுவை செய்பவரிடம் பிள்ளை போக வேண்டும் என்பது 2015 வழிகாட்டியின் அளவுகோல். குரல் நரம்பும் கால்சியச் சுரப்பிகளும் தப்புவது அவர் கையில். "வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை: சோதித்தது கட்டியா ரத்தமா, டி.என்.ஏ.வா ஆர்.என்.ஏ.வும் சேர்த்தா, எந்த மரபணுக்களில் எந்தப் பகுதி. ரெட் ரத்தச் சோதனை என்றால் எக்ஸான் என்ற மரபணுப் பகுதிகளில் 10, 11, 13, 14, 15, 16 எல்லாம் படிக்கப்பட்டனவா. "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று எழுதியிருந்தால் அதை நோயாகவும் எண்ண வேண்டாம், நோயின்மையாகவும் எண்ண வேண்டாம். அதைக் கொண்டு தம்பி தங்கையைச் சோதிக்கவோ சுரப்பியை எடுக்கவோ கூடாது. ஓரிரண்டு ஆண்டு கழித்து அதே ஆய்வகத்திடம் மறுபடி மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். புதிதாக ரத்தம் கொடுக்க வேண்டியிருக்காது.